பழைய நேரமா, புது நேரமா? மணிக்கூட்டை மாற்றிய கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வகுப்பு என்றால் மணி அடித்தவுடன் நிறுத்தியிருப்பேன். இங்கே மணி அடிக்க ஆளில்லை.

கனடாவில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் எடுப்பாள். எங்களுக்கு அது பின்னேரம் ஆறரை. விளக்கு வைத்துவிட்டு, போனை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் இருப்பேன். நவம்பர் மாதம் முதல் ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று, அழைப்பு வரவில்லை. வயது போன மனம் என்னவெல்லாம் நினைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழரைக்குப் போன் அடித்தது. பேத்தி சிரிக்கிறாள்.

"அம்மம்மா, நாங்கள் லேற் இல்லை. ஒன்பது மணிக்குத்தான் எடுக்கிறம். மணிக்கூடுதான் மாறினது."

பிறகு கேட்டாள்: "உங்கட ஊரில மணிக்கூட்டை மாத்திறதில்லையோ?"

"மாத்தினவை, குஞ்சு. ஒருக்கா மாத்தி, திரும்ப ஒழுங்காக்கப் பத்து வருசம் சென்றது" என்றேன். அவளுக்கு நம்பிக்கையில்லை. அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். 1996 இல் என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள். வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புகிறீர்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

பெஞ்சமின் பிராங்கிளின்தான் இதைத் தொடக்கினார் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1784 இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு அவர் ஒரு பகிடிக் கடிதம் எழுதினார். மக்கள் விடியக் காலையில் எழும்பினால் எவ்வளவு மெழுகுதிரி மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கூட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் நியூசிலாந்தில் தபால் கந்தோரில் வேலை செய்த ஜோர்ஜ் ஹட்சன். அவருக்குப் பூச்சிகள் சேகரிப்பதில் பைத்தியம். வேலை முடிந்த பிறகும் வெளிச்சம் இருந்தால் பூச்சி பிடிக்கலாமே என்று, 1895 இல் கோடை காலத்தில் இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்த வேண்டும் என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

அடுத்தவர் இங்கிலாந்தில் வீடு கட்டும் தொழில் செய்த வில்லியம் வில்லெற். விடிந்த பிறகும் ஊர் நித்திரை கொள்வது அவருக்குப் பொறுக்கவில்லை. 1907 இல் ஒரு சிறு நூல் அச்சடித்துப் பரப்பினார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளிலும் இருபது இருபது நிமிடமாக நகர்த்துவது அவருடைய திட்டம். நாடாளுமன்றத்தில் அது தேறவில்லை. 1915 இல் அவர் இறந்துபோனார். அடுத்த வருடமே அவருடைய எண்ணம் நிறைவேறியது. நிறைவேற்றியது யுத்தம். முதலாம் உலக யுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க 1916 ஏப்ரல் 30 இல் ஜேர்மனி மணிக்கூட்டை நகர்த்தியது. மூன்று வாரத்தில், மே 21 இல், பிரித்தானியாவும் அதையே செய்தது.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இவர்களுக்கெல்லாம் முன்பு, 1908 யூலையில், ஒன்ராறியோவில் போர்ட் ஆர்தர் என்ற ஊர் இதைச் செய்துவிட்டது. இன்று அது தண்டர் பே நகரத்தின் ஒரு பகுதி.

எங்கள் நாட்டுக்கும் இது முதலில் யுத்தத்தோடுதான் வந்தது. 1906 முதல் இலங்கையின் நேரம் கிறினிச் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. அதே வருடம் இந்தியாவும் அந்த நேரத்துக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 சனவரியில், இலங்கையில் அரை மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தினார்கள். அந்த ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. செப்டெம்பரில் இன்னும் அரை மணித்தியாலம் கூட்டினார்கள். 1945 ஒக்ரோபரில் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு மணிக்கூட்டை யாரும் தொடவில்லை.

இனி 1996.

அந்த வருடம் மழை பொய்த்தது. அப்போது இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் இருந்து வந்தது. குளம் வற்றினால் விளக்கும் இல்லை. மின்வெட்டு வந்தது. எங்கள் நாட்டில் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் நேரம், பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் லைற் போடும் நேரம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தால் ஆறரைக்குப் படும் பொழுது ஏழரைக்குப் படும். சனம் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து மணிக்குப் படுக்கப் போகும். லைற் எரியும் நேரத்தில் ஒரு மணித்தியாலம் மிச்சம். இதுதான் கணக்கு. மே 24 வெள்ளிக்கிழமை நள்ளிரவு நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மணிக்கூடு ஆறு என்றது. வெளியே ஐந்து மணி இருட்டு. பள்ளிக்கூடம் வழமை போல ஏழரைக்கு. வவுனியாவில் மே மாதம் பழைய நேரப்படி ஆறு மணிக்குச் சற்று முன்னரே விடியும். புது நேரப்படி அது ஏழுக்குக் கிட்ட. தூரத்தில் இருந்தும் நலன்புரி நிலையங்களில் இருந்தும் நடந்து வந்த பிள்ளைகள் இருட்டோடு வெளிக்கிட வேண்டும். அந்த நாட்களில் இருட்டில் நடப்பது சும்மா காரியம் இல்லை. வழியில் சென்றிகள். ரோர்ச் அடித்தால் அவர்களுக்குச் சந்தேகம், அடிக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் பயம். தாய்மார் பெரிய வீதி வரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார்கள். முதலாம் பாடத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். நான் ஏசினேன். இப்போது நினைக்கப் பாவமாக இருக்கிறது.

என் வீட்டில் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. வழமையாக நாலரைக்கு எழும்பிப் பிட்டு அவிக்கிற நான், உண்மையில் மூன்றரைக்கு எழும்பினேன். உடம்புக்குப் புது நேரம் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க விட்டால், பழைய நேரம் எட்டு, வீட்டுச் சுவரில் பகல் வெக்கை அப்படியே நிற்கும். நித்திரை வராது. இரவு மிச்சம் பிடித்த லைற்றை விடியப்புறம் குசினியில் போட்டேன். நாட்டின் கணக்கில் இலாபம் வந்திருக்கலாம். என் குசினியில் வரவும் செலவும் ஒன்றுதான்.

நல்லது ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கந்தோர் முடிந்து ஆட்கள் வெளிச்சத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள். பொழுதுபட்டால் வீதி அடங்கிவிடும் அந்தக் காலத்தில் அது பெரிய ஆறுதல். பொடியன்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் பந்து அடித்தார்கள்.

ஒக்ரோபர் 26 இல் அரை மணித்தியாலத்தைத் திரும்பத் தந்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் அப்படியே நின்றுவிட்டது. கிறினிச்சில் இருந்து சரியாக ஆறு மணித்தியாலம். மழை பெய்தது, குளங்கள் நிறைந்தன, நேரம் திரும்பவில்லை. தையில் காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் தெரிந்தது.

புவியியல் பாடத்தில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? லண்டனில் ஆனி மாதத்துப் பகல் பதினாறரை மணித்தியாலம், மார்கழியில் எட்டு மணித்தியாலம் கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கோடை விடியலில் வீணாகும் வெளிச்சத்தை எடுத்துப் பின்னேரத்துக்குக் கொடுக்கலாம். வவுனியாவில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். எங்களிடம் எடுத்துக் கொடுக்க மிச்ச வெளிச்சம் இல்லை. காலையில் இருந்து பிடுங்கித்தான் மாலைக்குக் கொடுக்க வேண்டும். காலையில் முதல் எழும்புவது யார்? வீட்டில் பெண்கள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இன்னொன்று நடந்தது. அது உலகத்தில் வேறெங்கும் இலேசில் காண முடியாதது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்தப் புது நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே தொடர்ந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த மாற்றம் இது. வன்னியில் மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு எந்த நேரமாக இருந்தால் என்ன? ஆனால் நேரம் என்பது வெளிச்சம் மட்டும் இல்லை, யாருடைய சொல் எங்கே செல்லும் என்பதும்தான். ஓமந்தைக்குத் தெற்கே ஒரு நேரம், வடக்கே ஒரு நேரம். முகமாலையைக் கடந்து யாழ்ப்பாணம் போனால் திரும்பவும் புது நேரம். ஒரே வீதியில் மணிக்கூட்டை இரண்டு தரம் திருப்ப வேண்டும்.

'பழைய நேரமா, புது நேரமா?' என்ற கேள்வி இல்லாமல் எந்த வீட்டிலும் கதை நடக்கவில்லை. ஐயர் முகூர்த்தத்தைப் பழைய நேரத்தில் சொல்வார், மண்டபத்தைப் புது நேரத்தில் எடுப்போம். ராகு காலம் பார்க்கிற மாமிமார் அரை மணித்தியாலம் கூட்டுவதா கழிப்பதா என்று என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் ரீச்சர் என்ற எடுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். அந்தக் கணக்கில் நானே ஒருநாள் பிழை விட்டேன்.

என் அம்மா 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து தம்பி குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். பிறகு கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். எனக்கும் அவருக்கும் இடையில் எண்பது கிலோமீற்றர்தான், ஆனால் ஆறு வருடம் முகம் பார்க்கவில்லை. 2002 இல் சமாதானம் வந்து ஏ9 வீதி திறந்தபோது முதல் கிழமையே ஓடினேன். அம்மா படலைக்குள் நின்று கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனி?" "ஏழு மணிக்கு" என்றேன். "எந்த ஏழு?" என்றார்.

2004 இல் அம்மா மோசம் போனார். அங்கே போன் வசதி அரிது. பின்னேரம் வான் ஓடுகிற தம்பி ஒருவர் என் தம்பியின் கையெழுத்தில் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். 'அம்மா போட்டா. நாளைக்குப் பின்னேரம் 3 மணிக்கு எடுக்கிறம். வாங்கோ.' அழுகையோடும் என் மூளை கணக்குப் போட்டது. அவர்களுடைய மூன்று எங்களுடைய மூன்றரை.

அடுத்த நாள் காலை வெளிக்கிட்டோம். ஓமந்தையில் இரண்டு பக்கத்துச் சாவடியும் தாண்ட மத்தியானம் ஆகிவிட்டது. வீதி முழுக்கக் குண்டும் குழியும். மாங்குளத்தில் வானை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். அரை மணித்தியாலம் போனது. கையில் நேரம் இருக்கிறது என்ற எண்ணத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர என் கைமணிக்கூட்டில் மூன்றே கால். உள்ளே சுவர் மணிக்கூட்டில் இரண்டே முக்கால். இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு படி ஏறினேன். பெண்கள் விறாந்தையைக் கழுவிக்கொண்டு இருந்தார்கள்.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

பொழுதுபடத் தம்பி குளித்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தான். "அக்கா, உங்களுக்கு விளங்கட்டும் எண்டுதான் உங்கட நேரத்தில எழுதினனான்" என்றான். நான் அவனுக்காக அவனுடைய நேரத்தில் வாசித்தேன். அவன் எனக்காக என்னுடைய நேரத்தில் எழுதியிருந்தான். யாரில் பிழை சொல்வது? துண்டில் இன்னும் இரண்டு சொல், 'புது நேரம்' என்று இருந்திருந்தால், நான் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். மாங்குளத்தில் நான் வாய் திறந்திருந்தாலும் பார்த்திருப்பேன். அந்தத் தேத்தண்ணியை இருபது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

பிறகு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். பௌத்த பிக்குகள், சோதிடர்கள், பெற்றோர் எனப் பலரும் பழைய நேரத்தைக் கேட்டு வந்தார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள், ஏப்ரல் 15 தொடங்கும் வேளையில், நாட்டின் நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. ஐந்தரை. வன்னி தன் மணிக்கூட்டைத் தொடவே இல்லை, தெற்குத்தான் அதனிடம் வந்து சேர்ந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு தீவு முழுவதும் ஒரே நேரம். எங்களுக்குச் சந்தோசம். நாலு மாதம் கழித்து, ஓகஸ்டில், யுத்தம் திரும்பத் தொடங்கி வீதி மூடப்பட்டது. நேரம் ஒன்றாக இருந்தது, போக வழி இல்லை. தம்பியும் நானும் ஒரே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் ஒருவரை ஒருவர் காணாமல் இருந்தோம்.

உங்கள் நாடுகளிலும் இப்போது இதைப் பற்றிக் கதை நடக்கிறது. இந்த மாற்றத்தை நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 இல் வாக்களித்தது, நாடுகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒன்ராறியோ 2020 இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறது, கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து செய்தால்தான் நடைமுறைக்கு வரும். தனியாக மாற்றினால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் சொல்லியிருப்போம்.

பிள்ளைகளே, சரித்திரப் பாடத்தில் ஆண்டுகளைப் பாடமாக்கச் சொல்லி உங்களைக் கரைச்சல்படுத்தியவள் நான். இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊரில் உங்கள் அம்மா அப்பா போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிரில் ஐந்தரை. ரொறன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை. இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. மணிக்கூட்டைத் திருப்புவதற்கு முதல் நாள் எடுத்து, "நாளையில் இருந்து உங்கட நேரம் ஏழரைக்கு எடுப்பம்" என்று சொல்லுங்கள். 'உங்கட நேரம்' என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிடாதீர்கள்.

என் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இந்த ஞாயிறு ஏழரைக்குத்தான் போனை எடுத்து வைப்பேன் என்று மகளுக்குச் சொன்னேன். உண்மையில் ஆறரைக்கே எடுத்து வைத்துவிடுவேன்.

1996 இல் இருட்டோடு பள்ளிக்கூடம் வந்தவர்கள் கீழே எழுதுங்கள். யார் யார் முதலாம் பாடத்தில் நித்திரை கொண்டீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். இனி ஏச மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்